மெக்கானிக்ஸ் கணக்கில் முதல் வரி ஏன் வரமாட்டேன் என்கிறது?

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் முதலாண்டு. "பிளஸ் டூ இயற்பியலில் நல்ல மார்க். இங்கே சார் போர்டில் மெக்கானிக்ஸ் கணக்குப் போடும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. ஹாஸ்டலில் அதே மாதிரி ஒரு கணக்கை எடுத்து உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். டியூஷன் போகலாமா, யூடியூப் போதுமா, இல்லை இங்கிலீஷ்தான் பிரச்சினையா?" இதுதான் அவர் கேள்வி.

தம்பி, டியூஷனை அப்புறம் பார்க்கலாம். உங்கள் சார் போர்டில் முதல் வரியை எழுதும் முன்பே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிடுகிறார்: இந்தக் கணக்கில் எந்தப் பொருளை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது என்று. பல வருடமாகப் போட்ட கை என்பதால் அதை வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகு வரும் வரிகள். அவை வெறும் அல்ஜீப்ரா, அதனால் புரிகிறது. தனியாக உட்காரும்போது அந்த முடிவை நீங்களே எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் கை நிற்கிறது.

இதில் உங்கள் மேல் தப்பு குறைவு. மெக்கானிக்ஸ் முழுவதும் பிளஸ் ஒன் பாடம்: இயக்கவியல், நியூட்டன் விதிகள், வேலை, ஆற்றல், திண்பொருள் சுழற்சி எல்லாமே அந்த வருடத்தில்தான் வருகின்றன. நம் பக்கத்தில் எத்தனை பள்ளிகள் பிளஸ் ஒன்னை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டின என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிளஸ் டூவில் நீங்கள் நல்ல மார்க் வாங்கியது மின்னியலிலும் ஒளியியலிலும். எனவே முதல் வேலை, பிளஸ் ஒன் இயற்பியல் முதல் தொகுதியைத் தேடி எடுப்பது. தமிழிலேயே இருக்கட்டும்.

சரி, அந்த முடிவை எப்படி எடுப்பது? அதைப் படமாக வரைவதைத்தான் ஃப்ரீ பாடி டயகிராம் என்கிறார்கள், பிளஸ் ஒன் புத்தகத்தில் தனித்த பொருளின் விசைப்படம். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து எது எது அந்தப் பொருளைத் தொடுகிறது என்று பாருங்கள். கயிறு தொட்டால் கயிற்றின் இழுவிசை. தரை தொட்டால் தரைக்குச் செங்குத்தாக ஒரு விசை, தரையோடு ஒட்டி உராய்வு. தொடாமலே வருவது புவியீர்ப்பு ஒன்றுதான். மெக்கானிக்ஸ் தாளில் உங்களுக்கு வரும் விசைகள் ஏறக்குறைய இவ்வளவே.

ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் "யார் கொடுப்பது?" என்று எழுதுங்கள். பெயர் சொல்ல முடியாத அம்புக்குறியை அழித்துவிடுங்கள். மேலே எறிந்த பந்து பறந்துகொண்டிருக்கும்போது அதன்மேல் என்ன விசை என்று கேட்டால், முதலாண்டில் பாதிப் பேர் மேல்நோக்கி ஓர் அம்பு போடுவார்கள், "கை கொடுத்த விசை" என்று. கை விட்டுப் பந்து போயாகிவிட்டது. தொடாத கை எப்படி விசை கொடுக்கும்? காற்றை விட்டுவிட்டால் அங்கே இருப்பது புவியீர்ப்பு மட்டும். உச்சியில் வேகம் சுழியாகும் நொடியிலும் முடுக்கம் 9.8தான். இந்த ஒரு இடம் மனதில் சரியாக உட்கார்ந்துவிட்டால் பாதி அத்தியாயம் தாண்டிவிட்டீர்கள்.

எந்தப் பொருளைப் பிரிப்பது என்பதற்கு ஓர் உதாரணம். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி வழியாகப் போனால் கிரேனில் கல் தூக்குவதைப் பார்க்கலாம். 10 டன் கல், அதன் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கயிறுகள் மேலே போய் ஒரே கொக்கியில் மாட்டியிருக்கின்றன. ஒவ்வொரு கயிற்றிலும் எவ்வளவு இழுவிசை? அவசரப்பட்டு 5 டன் என்று சொல்லிவிடாதீர்கள். கல்லைப் பிரித்து வரைந்தால் மூன்று அம்புகள்: கீழே 10 டன், சாய்வாக மேலே இரண்டு கயிறுகள். கயிறு கிடைமட்டத்தோடு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 5.8 டன். 45 டிகிரியில் 7.1. 30 டிகிரியில் முழுதாக 10 டன். 15 டிகிரிக்குச் சாய்த்துக் கட்டினால் 19.3 டன், கல்லின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! கயிறு குட்டையானால் கோணம் சாயும், இழுவிசை ஏறும். கல் தூக்குபவர்கள் நீளமான கயிற்றை விரும்புவது இதனால்தான்.

இதே கணக்கில் கல், கயிறு, கொக்கி மூன்றையும் சேர்த்து ஒரே பொருளாக வரைந்து பாருங்கள். அப்போது கொக்கிக்கு மேலே போகும் கேபிளில் 10 டன் என்ற விடை மட்டும்தான் கிடைக்கும். சாய்ந்த கயிறுகள் கோட்டுக்கு உள்ளே போய்விட்டன, அவற்றின் இழுவிசை சமன்பாட்டிலேயே வராது. கேட்ட விசை கோட்டை வெட்டிக்கொண்டு போகும்படி பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வரி வராமல் நிற்கும்போது தொண்ணூறு சதவீதம் இதுதான் கோளாறு: கேட்ட விசையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது உராய்வு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஃபார்முலா மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் விழும் குழி இது. "உராய்வு = உராய்வுக் குணகம் × செங்குத்து விசை" என்று படித்திருப்பீர்கள். ஓய்வில் இருக்கும் பொருளுக்கு அது உராய்வின் உச்ச வரம்பு மட்டுமே. அந்த வரம்புக்குள் உராய்வு தேவைப்படும் அளவுதான் வரும். தர்மபுரி-சேலம் சாலையில் இருக்கும் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கிறது. கணக்குக்காக எடை 30 டன், சரிவு 5 டிகிரி, குணகம் 0.6, எல்லாச் சக்கரமும் பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரிவோடு கீழே இழுப்பது 30 × சைன் 5°, அதாவது 2.6 டன். லாரி நிற்கிறது, அதனால் உராய்வும் 2.6 டன்தான். குணகத்தால் பெருக்கினால் 17.9 டன் வரும். அதை விடையாக எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? பிரேக் போட்டு நிறுத்திய லாரி தானாகவே சேலம் பக்கம் போகாமல் தர்மபுரி மேட்டைப் பார்த்து ஏற ஆரம்பிக்க வேண்டும். குணகத்தைத் தொடும் முன் "இது வழுக்குகிறதா, வழுக்கும் தருணத்தில் இருக்கிறதா, சும்மா நிற்கிறதா?" என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கு மட்டும்தான் அந்தச் சமன்பாடு.

சைன் போடுவதா கொசைன் போடுவதா என்று குழம்புகிறவர்களுக்கும் தொப்பூரே போதும். சரிவைத் தட்டையாக்கி, கோணத்தை 0 என்று வையுங்கள். தட்டையான சாலையில் லாரியைச் சாலையோடு இழுக்கும் ஈர்ப்பு எதுவும் இருக்கக்கூடாது. 0-வில் சுழியாவது சைன். முடிந்தது கதை. கோணத்தை 0 ஆக்கு, 90 ஆக்கு, நிறையைப் பெரிதாக்கு, கயிற்றை அறு என்று விடையை இப்படி ஓரத்துக்குத் தள்ளிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் விடைப் பக்கத்தைப் புரட்ட வேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

நியூட்டனின் மூன்றாம் விதி பற்றி ஒரே வார்த்தை. மேசைமேல் புத்தகம் இருக்கிறது, அதன் எடையும் மேசை கொடுக்கும் செங்குத்து விசையும் வினை-எதிர்வினை ஜோடி என்று எழுதாதீர்கள். இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல் செயல்படுகின்றன. ஜோடி என்றால் இரண்டு வெவ்வேறு பொருள்மேல் இருக்க வேண்டும்: பூமி புத்தகத்தை இழுக்கிறது, புத்தகம் பூமியை இழுக்கிறது.

இனி ஆற்றல். விசைப்படத்தை விட்டு எப்போது ஆற்றலுக்குத் தாவுவது என்று பலருக்குத் தெரிவதில்லை. நேரத்தைக் கேட்காமல் இடத்தையும் வேகத்தையும் மட்டும் கேட்டால் ஆற்றல் வழியை முதலில் பாருங்கள். மறுபடி அதே லாரி, அதே இறக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் தொப்பூரில் எத்தனை விபத்து என்பது செய்தித்தாளில் நீங்களும் படித்திருப்பீர்கள். இரட்டைப் பாலம் என்றாலே நம் ஊரில் ஒரு பயம் உண்டு. லாரி 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்து, எந்தத் தடையும் இல்லாமல் விட்டால் கீழே வேகம் என்ன? உயர ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றல் ஆகும். நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். வினாடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். லாரிக்கும் அதே, சைக்கிளுக்கும் அதே.

அப்படியானால் லாரிக்கு மட்டும் ஏன் ஆபத்து? இங்கேதான் கணக்கு ருசிக்க ஆரம்பிக்கிறது. சீரான வேகத்தில் இறங்க வேண்டுமென்றால் அந்த உயர ஆற்றல் வேறு எங்காவது போயாக வேண்டும். 30,000 கிலோ × 9.8 × 100, அதாவது 2 கோடியே 94 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பம் அது. இந்த இடத்தில் நிறை அடிபடவில்லை பாருங்கள். டிரைவர் சின்ன கியரில் இறங்கினால் அதில் ஒரு நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் டிரம்மில் இறங்கும். டிரம் சூடாகி விரியும், லைனிங்கின் உராய்வுக் குணகம் குறையும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று மறுநாள் பேப்பரில் வரும் வரிக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒரு பெருக்கல் இருக்கிறது. வேகம் நிறையைச் சாராது, வெப்பம் நிறையைச் சாரும். ஒரே இறக்கத்தில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் ஆற்றல் பாடத்தைப் புரிந்துகொண்டவர்.

வளைவுக்கு வருவோம். வட்டப் பாதையில் போகும் லாரிக்கு விசைப்படம் வரையச் சொன்னால் "மையநோக்கு விசை" என்று தனியாக ஓர் அம்பு போடுகிறார்கள். யார் கொடுப்பது? சாலைதான், உராய்வாக. மையநோக்கு என்பது அந்த உராய்வு செய்யும் வேலை. தனி ஆள் கிடையாது. தட்டையான சாலையில் வளைவின் ஆரம் 50 மீட்டர், குணகம் 0.6 என்றால் மணிக்கு 62 கிலோமீட்டர் வரை வழுக்காது. ஆனால் சரக்கு லாரி பெரும்பாலும் வழுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும். நிறை மையம் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்து, இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 2 மீட்டர் அகலம் இருந்தால், மணிக்கு 56-லேயே உள்பக்கச் சக்கரம் தூக்கும். சரக்கைத் தாழ்வாக ஏற்றி நிறை மையத்தை ஒன்றரை மீட்டருக்கு இறக்கினால் கவிழும் வேகம் 65, அப்போது முதலில் வழுக்கும். வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஏன் ஆடி ஆடி மெதுவாகப் போகிறது என்பது இப்போது எண்ணாகவே தெரியும். இந்த விடையை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: முடுக்கத்தில் இருக்கும் பொருளுக்குத் திருப்பு விசை (டார்க்) எடுக்கும்போது நிறை மையத்தைப் பற்றி எடுங்கள். நிற்கும் பொருளுக்கு எந்தப் புள்ளியும் சரி, ஓடும் லாரிக்கு அப்படி இல்லை.

சுழற்சிப் பாடம் உங்களைப் பயமுறுத்தும், எனக்குத் தெரியும். அண்ணா பல்கலையின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் இயற்பியலின் முதல் யூனிட்டே மெக்கானிக்ஸ்தான், அதுவும் நிறை மையத்தில் தொடங்கி, வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைத்த கைரோஸ்கோப், முறுக்கு ஊசல் வரை ஓடியது. துகளுக்கே விசைப்படம் வராதவரிடம் கைரோஸ்கோப்பை நீட்டுவது எந்த வகையில் நியாயம் என்று எனக்குப் புரிந்ததில்லை. உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் பரீட்சைக்கு அதைப் படிக்கத்தான் வேண்டும், ஆனால் புரிந்துகொள்வதை அங்கே ஆரம்பிக்காதீர்கள். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, ஒரு கோலிக்குண்டையும் ஒரு வளையலையும் ஒன்றாக உருட்டிவிடுங்கள். கோலி ஒரு வினாடியில் கடக்கும் தூரத்துக்கு வளையல் 1.2 வினாடி எடுக்கும். கோலி பெரிதா சிறிதா, வளையல் பித்தளையா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. வளையலின் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதால் ஆற்றலில் பாதி சுற்றுவதற்கே போய்விடுகிறது. நிலைமத் திருப்புத்திறன் என்பது நிறை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கணக்கு. அதன் ஃபார்முலா அட்டவணையை மனப்பாடம் செய்யும் முன் இதை ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

விசை நிறை மையம் வழியாகப் போகாவிட்டால் பொருள் நகரவும் செய்யும், சுற்றவும் செய்யும். உங்கள் ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தெரியாதவர் துடுப்பைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள்.

வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் பற்றியும் பயம் இருக்கும். முதல் ஆண்டு மெக்கானிக்ஸுக்கு அதில் கொஞ்சம்தான் தேவை. கிருஷ்ணகிரியில் இருக்கும் கே.ஆர்.பி. அணை மதகை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அழுத்தம் சுழி, கீழே போகப் போக ஆழத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். 6 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்றால், மதகின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் ஏறக்குறைய 18 டன் தள்ளுவிசை. அது செயல்படும் இடம் அடியிலிருந்து 2 மீட்டரில், நட்டநடுவில் இல்லை. முக்கோணத்தின் பரப்பும் மையமும் தெரிந்தாலே இந்த விடை வந்துவிடும், தொகையிடுவது அதையேதான் செய்கிறது. இன்னொன்று, அணைக்குப் பின்னால் தண்ணீர் எத்தனை கிலோமீட்டருக்குத் தேங்கியிருந்தாலும் மதகின் மேல் விசை மாறாது. ஆழம் மட்டும்தான் கணக்கு. 2017 நவம்பரில் அந்த அணையின் ஒரு மதகு உடைந்தபோது ஊரே பேசியது நினைவிருக்கும்.

இங்கிலீஷ்தான் பிரச்சினையா என்று கேட்டீர்கள். ஓரளவுக்கு மட்டும். மெக்கானிக்ஸ் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மிகக் குறைவு, ஒவ்வொன்றும் விசைப்படத்தில் என்ன செய்யச் சொல்கிறது என்று தெரிந்தால் போதும். ஸ்மூத் என்றால் உராய்வு அம்பைப் போடாதே. லைட் ஸ்ட்ரிங் என்றால் கயிற்றின் எடையை விட்டுவிடு. இன்எக்ஸ்டென்சிபிள் என்றால் கயிற்றின் இரண்டு முனையும் ஒரே அளவு முடுக்கத்தில் போகும். ஃப்ரிக்ஷன்லெஸ் புல்லி என்றால், கப்பியின் நிறையையும் விட்டுவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே இழுவிசை. இம்பெண்டிங் மோஷன் என்றால் உராய்வு உச்ச வரம்பில் நிற்கிறது, இப்போது குணகத்தைப் பயன்படுத்தலாம். இந்த மாதிரிச் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், ஒரு மாதத்தில் பட்டியல் நின்றுவிடும். யோசிப்பதைத் தமிழிலேயே செய்யுங்கள். விடைத்தாளில் சமன்பாட்டுக்கு இடையே இரண்டு சின்ன இங்கிலீஷ் வாக்கியம் எழுதினால் போதும். பெரிய மார்க் கேள்வியில் படம் சரியாக, அம்புக்குறிகள் பெயரோடு இருந்தால் கடைசி விடை தவறினாலும் நல்ல பங்கு மார்க் வந்துவிடும்.

டியூஷன் வேண்டாம் என்பேன். அங்கேயும் இன்னொருவர் போர்டில் போடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குக் குறைவது தனியாகத் திணறும் நேரம். வீடியோவும் அப்படித்தான். ஐஐடிக்களும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இலவசம், நன்றாகவும் இருக்கும், ஆனால் கணக்கைப் படித்துக் காட்டியதும் வீடியோவை நிறுத்துங்கள். விசைப்படத்தை நீங்கள் வரையுங்கள், சமன்பாடு எழுத வராவிட்டாலும் பரவாயில்லை. பிறகு ஓடவிட்டு, அவர் படத்தோடு ஒப்பிட்டு, எந்த அம்பு விட்டுப்போனது, எந்த அம்பு அதிகம் என்று மட்டும் பாருங்கள். ஒரு அத்தியாயத்துக்குப் பத்துக் கணக்கு இப்படிச் செய்தால் நூறு கணக்கைப் பார்த்து எழுதுவதைவிட மேல். அரை மணி நேரம் முட்டியும் வராவிட்டால் விடையைத் திறக்கலாம், தப்பில்லை. ஆனால் படம் வரையும் இடம் வரைக்கும் மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள், மீதியை நீங்களே போடுங்கள். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். கிரானைட் கல் கணக்கை 60 டிகிரியில் ஆரம்பியுங்கள், பிறகு இரண்டு கயிறும் வெவ்வேறு கோணத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள்.